பெட்டியோடு பத்திரமாக இருந்த மீடியம் ஃபார்மட் கேமரா: வாங்கலாமா?

கேள்வி:
முதன்முறையாகப் பழைய மீடியம் ஃபார்மட் (35 மி.மீ.யைவிட அகலமான 120 ரோல் ஃபிலிமில் படமெடுக்கும்) கேமரா ஒன்று வாங்கவிருக்கிறேன். தொழில்முறைப் புகைப்படக்காரர்களிடம் படாத பாடு பட்ட கேமராவைவிட, யாரோ ஆசைக்கு வாங்கி, சில ரோல்கள் மட்டும் எடுத்துவிட்டுப் பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்த கேமராவே மேல் என்பது என் கருத்து. அது பேட்டரி தேவைப்படாத முழு மெக்கானிக்கல் கேமராவாகவும் இருந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கவலை இல்லை அல்லவா?

ஜனவரி 6

முதல் பாதியை நான் ஏற்கவில்லை. இந்தக் கேமராக்கள் உழைத்துத் தேய்வதைவிடச் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம்.

லென்ஸுக்குள் இருந்துகொண்டு, மெல்லிய இதழ்களைத் திறந்து மூடி ஒளியை விடும் லீஃப் ஷட்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு நொடி முதல் 1/15 வரையிலான மெதுவான வேகங்களை அளந்து தருவது, கடுகளவுப் பற்சக்கரங்கள் சிலவற்றைக் கோத்து அமைத்த ஒரு தாமதப் பொறி. அந்தச் சக்கரங்களின் அச்சில் இட்ட எண்ணெய், ஓட்டமே இல்லாமல் பல ஆண்டுகள் கிடந்தால் பிசினாக இறுகிவிடும். எண்ணெயில் எளிதில் ஆவியாகும் பகுதி பிரிந்து போய் ஷட்டர் இதழ்களின் மீதும் லென்ஸின் உட்பரப்பிலும் படியும். ஒளி புகாமல் தடுக்க ஒட்டிய நுரைப்பஞ்சு, கேமராவைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் காலப்போக்கில் தார்போல் பிசுபிசுக்கும். "பத்திரமாக" என்று நாம் நினைக்கும் அந்தத் தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்.

பெட்டி, கையேடு, லென்ஸ் மூடி எல்லாம் அப்படியே இருந்த ரோலைகார்ட் கேமரா ஒன்று என்னிடம் வந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஒரு நொடிக்கு வைத்து அழுத்தினால் இதழ்கள் திறந்தவை திறந்தபடியே நின்றன. அதே காலத்தில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து வந்த மாமியா ஆர்பி67, விளிம்புகளில் வண்ணம் உரிந்து, ஒட்டிய தோல் மூலைகளில் தூக்கிக்கொண்டு, பார்க்கவே களைத்துப்போயிருந்தது. அதன் ஷட்டர் எல்லா வேகங்களிலும் சரியாக ஓடியது, ஏனென்றால் அது நிற்கவே இல்லை. இடையிடையே சர்வீஸும் பார்த்திருந்தார்கள்.

ஆகவே விற்பவரிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்யப்பட்டது, கடைசியாக எப்போது ஃபிலிம் ஓடியது என்ற இரண்டு கேள்விகளைத்தான். தோற்றத்தைப் பற்றிய விசாரணையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 7

ஒன்றைச் சேர்க்க வேண்டும். இறுகிய ஷட்டரை இருபது முப்பது முறை அழுத்தினால் தற்காலிகமாக இளகி ஒழுங்காக ஓடும். விற்பவர் நம் கண்முன் ஓட்டிக் காட்டுவது பெரும்பாலும் இளகிய பிறகான ஓட்டம். ஓர் இரவு முழுக்க அசையாமல் வைத்துவிட்டு, காலையில் முதல் அழுத்தை ஒரு நொடி வேகத்தில் கேட்க வேண்டும். தாமதப் பொறியின் ஓசை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் திக்கினாலோ இழுத்து இழுத்து நகர்ந்தாலோ சர்வீஸ் தேவை என்று பொருள். இணையத்தில் வாங்குவோர், பல மணி நேரம் ஓய்வில் இருந்த கேமராவின் முதல் அழுத்தைக் காணொளியாகக் கேட்டு வாங்குங்கள். நேர்மையாக விற்பவர் இதற்குத் தயங்கமாட்டார்.

கைப்பேசியில் நொடிக்கு 240 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) பதியும் மெதுவியக்கக் காணொளி இருந்தால் அளந்தே பார்த்துவிடலாம். பின்பக்கத்தைத் திறந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பதிவு செய்து, இதழ்கள் திறந்திருக்கும் சட்டங்களை எண்ணுங்கள். ஒரு நொடிக்கு 240 சட்டங்களும், 1/15க்கு 16 சட்டங்களும், 1/60க்கு 4 சட்டங்களும் வர வேண்டும். அதைவிட வேகமானவற்றை இந்த வழியில் நம்ப முடியாது. நெகட்டிவ் ஃபிலிமில் மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் (ஒளி இரு மடங்காவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்) பிசகு தெரியவே தெரியாது. ஸ்லைடு ஃபிலிம் போடுபவர்கள்தான் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ஜனவரி 11

லென்ஸைப் பார்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஷட்டரை 'பி'யில் (அழுத்தியிருக்கும் வரை திறந்தே நிற்கும் நிலை) திறந்து வைத்து, லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரை முழுக்க விரித்து, பின்னாலிருந்து சிறு டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். அப்படிப் பார்த்தால் நேற்று தொழிற்சாலையை விட்டு வந்த லென்ஸும் பயமுறுத்தும். தூசியைக் கண்டு அஞ்ச வேண்டாம். நூல் நூலாகக் கிளை பிரிந்து படர்ந்திருந்தால் அது பூஞ்சை. விளிம்பில் வானவில் நிறங்கள் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன. லென்ஸின் உள்விளிம்பில் பூசிய கருமையில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால், அது வண்ணம் விட்டுப்போனதுதான், படத்துக்குக் கேடில்லை.

நான் அதிகம் அஞ்சுவது மெல்லிய பால் போன்ற மங்கலைக் கண்டால்தான். நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்வான ஒளியில் மட்டும் தெரியும். வெளிச்சம் நமக்குப் பின்னால் இருக்கும்போது படங்கள் நன்றாகவே வரும். சன்னலோ சூரியனோ சட்டகத்துக்குள் வந்தவுடன் கருமை முழுவதும் சாம்பலாகிவிடும். "சிறு மங்கல், படத்தைப் பாதிக்காது" என்று விற்பனைக் குறிப்பில் எழுதியிருந்தால், எதிரொளியில் எடுத்த படம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

ஜனவரி 12

"அப்படியானால் அதிகம் உழைத்த கேமராவைத்தான் வாங்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்கிறார். அப்படி நான் சொல்லவில்லை. தேய்மானமும் உண்மையானதுதான். ஃபுஜி ஜிடபிள்யூ690 வகைக் கேமராக்களின் அடிப்பகுதியில் ஓர் எண்காட்டி இருக்கிறது. அதில் ஓர் எண் கூடினால் பத்து படங்கள் எடுத்ததாகக் கணக்கு. 120 ரோல் ஒன்றில் 6×9 செ.மீ. அளவில் எட்டுப் படங்கள்தான் என்பதால், 300 என்று காட்டினால் ஏறத்தாழ 375 ரோல்கள் ஓடியிருக்கின்றன. இப்படி வெளிப்படையாகத் தன் உழைப்பைச் சொல்லும் கேமரா அரிது. எண் குறைவாக இருக்கிறது என்பதற்காக அதிகப் பணம் கொடுக்கும் வழக்கத்தை நான் நியாயம் என்று கருதவில்லை. நடுத்தர எண்ணும் அண்மைச் சர்வீஸும் இருந்தால் அதையே எடுப்பேன்.

ஹாஸல்பிளாட் வி வரிசையில் உழைப்பு தெரியாது, வயது தெரியும். வரிசை எண்ணின் முன்னால் உள்ள இரண்டு எழுத்துகளே தயாரித்த ஆண்டு. வி, எச், பி, ஐ, சி, டி, யு, ஆர், இ, எஸ் என்ற பத்து எழுத்துகளை முறையே 1 முதல் 9 வரையும் கடைசியை 0 என்றும் கொள்ள வேண்டும். 'யுஆர்' என்று தொடங்கினால் 1978. பழைய உடலை அண்மைக் காலத்தது என்று சொல்லி விற்பதைக் கண்டுபிடிக்க இது உதவும்.

ஜனவரி 19

இனிக் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். மெக்கானிக்கல் என்றால் கவலை இல்லை என்பதைப் பாதி உண்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

1970இல் வந்த மாமியா ஆர்பி67க்குப் பேட்டரியே வேண்டாம். 1982இல் வந்த ஆர்இசட்67இன் ஷட்டர் மின்னணுவால் இயங்குவது. ஆறு வோல்ட் பேட்டரி தேவை. முன்னதில் ஏதேனும் சிக்கினால், கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் பழுதான உறுப்பைச் சீராக்கியோ வேறொரு கேமராவிலிருந்து எடுத்துப் பொருத்தியோ ஓட வைத்துவிடுவார். பின்னதில் மின்சுற்றுப் பலகை போய்விட்டால், இன்னொரு ஆர்இசட்67ஐப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். இந்த வகையில் உங்கள் எண்ணம் சரி.

ஆனால் மெக்கானிக்கல் கேமராவுக்குச் சர்வீஸ் தேவை என்பது அதன் இயல்பு. எண்ணெய்க்கு ஆயுள் உண்டு. மின்னணு ஷட்டரோ வேலை செய்யும் வரை நொடிக்கணக்கில் பிசகாமல் அளக்கும். பென்டாக்ஸ் 67, பிரோனிக்கா இடிஆர்எஸ் இரண்டும் பேட்டரியைச் சார்ந்தவை. பேட்டரி தீர்ந்தால் பென்டாக்ஸின் ஷட்டர் திறக்காது, இடிஆர்எஸ் 1/500 ஒன்றில் மட்டும் ஓடும். இவை இரண்டையும் நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன். வாங்கும்போது பேட்டரி அறையைத் திறந்து, தொடுமுனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்த்தால் பாதிக் கவலை தீரும். பையில் மாற்றுப் பேட்டரி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

எனவே மின்னணுவா மெக்கானிக்கலா என்று பார்ப்பதற்கு முன், அந்த மாதிரியைத் திறந்து பழுது பார்க்கத் தெரிந்தவர் நீங்கள் அனுப்பி வாங்கக்கூடிய தூரத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் எதைப் பார்ப்பார், எதைத் தொடமாட்டார் என்று கேட்டுவிட்டுக் கேமராவைத் தேடுவதுதான் சரியான வரிசை.

ஜனவரி 20

முதல் அழுத்தைப் பற்றி 7ஆம் தேதி எழுதியதற்கு ஒருவர் நல்ல மறுப்புச் சொல்லியிருக்கிறார்: குளிரில் எண்ணெய் தடித்து நல்ல ஷட்டர்கூட மெதுவாக ஓடும், ஆகவே காலைச் சோதனை அநியாயமாகத் தோற்கடிக்கும் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். அறையின் இயல்பான வெப்பத்தில் இருக்கும் கேமராவில்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 2

மடிப்புக் கேமராக்கள் பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. சட்டைப் பைக்குள் 6×6 நெகட்டிவ் என்பது பெரிய ஈர்ப்பு. அதன் பரப்பு 35 மி.மீ. சட்டகத்தைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் கவனிக்க வேண்டியவையும் கூடுதல்.

லென்ஸையும் உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியான பெல்லோஸை இருட்டறையில் சோதியுங்கள். ஃபிலிம் இல்லாமல் கேமராவை விரித்து, பின்பக்கத்திலிருந்து சிறு டார்ச்சை உள்ளே விட்டு, மடிப்புகளின் மூலைகளைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். ஊசித் துளைகள் மூலைகளில்தான் முதலில் வரும். ஓரிரண்டு என்றால் கறுப்புத் துணிப்பசையால் அடைக்கலாம். மூலை மூலையாக மின்னினால் பெல்லோஸையே மாற்ற வேண்டும்.

அக்ஃபா ஐசோலெட் வாங்குவோர் ஃபோகஸ் வளையத்தைத் தொடுவதற்கு முன் இதைப் படியுங்கள். அந்தக் காலத்தில் அக்ஃபா பயன்படுத்திய பச்சை நிறக் கிரீஸ், மறைகளுக்குள் அரக்குப்போல் இறுகிவிடுகிறது. வளையம் அசையாதபோது பலங்கொண்டு திருகினால் "வந்துவிட்டது" என்று தோன்றும். உண்மையில் அப்போது சுற்றுவது முன் கண்ணாடி மட்டுமல்ல, அதனோடு ஒட்டிக்கொண்ட நடுக் கண்ணாடியும் சேர்ந்து ஷட்டரிலிருந்து கழல்கிறது. அளவுகோலில் எந்தத் தூரம் காட்டினாலும் படம் தெளியாது. ஆகவே "ஃபோகஸ் வளையம் இலகுவாகச் சுற்றுகிறது" என்ற விற்பனைக் குறிப்பைப் படித்தவுடன், எது சுற்றுகிறது என்று கேளுங்கள். சுற்றும்போது முன் கண்ணாடியின் சட்டம் மட்டும் நகர வேண்டும், அதன் பின்னால் உள்ள சட்டம் அசையாமல் நிற்க வேண்டும்.

பிப்ரவரி 3

ஃபோகஸ் சோதனையை விரிவாக எழுதச் சொன்னார்கள். மேல் லென்ஸால் பார்த்து, கீழ் லென்ஸால் படமெடுக்கும் இரட்டை லென்ஸ் கேமராக்களுக்கு இது கட்டாயம்.

தேய்த்த கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிறியதாக வெட்டிக்கொள்ளுங்கள். ஃபிலிம் செல்லும் பாதையில் இரண்டு இணைத் தண்டவாளங்கள் இருக்கும்: வெளியில் இருப்பவை அழுத்துத் தகட்டைத் தாங்குபவை, உள்ளே சற்றுத் தாழ்ந்திருப்பவை ஃபிலிம் உட்காருபவை. கண்ணாடி உள் தண்டவாளங்களில்தான் படிய வேண்டும். தேய்த்த முகம் லென்ஸை நோக்கி இருக்க வேண்டும். அகலம் கூடிப்போய் வெளித் தண்டவாளத்தில் ஏறிவிட்டால் சோதனையே பொய். ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டுவோரும் உண்டு. அது நடுவில் தொய்வதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கேமராவை முக்காலியில் பொருத்தி, அப்பர்ச்சரை முழுக்க விரித்து, ஷட்டரைத் திறந்து வைத்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரத்தையோ கம்பத்தையோ மேல் லென்ஸில் தெளிவாக்குங்கள். இப்போது உருப்பெருக்கிக் கண்ணாடியால் கீழே பார்த்தால் அதே பொருள் அதே தெளிவில் தெரிய வேண்டும். அத்தோடு நிறுத்தாமல் ஒரு மீட்டர் தூரத்தில் அச்செழுத்து ஒன்றை வைத்து மீண்டும் பாருங்கள். யாரோ சுத்தம் செய்யக் கழற்றிய முன் கண்ணாடியை மறை மாறிப் பொருத்தியிருந்தால் இங்கே அகப்பட்டுவிடும்.

மேல் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக உள்ள பிரதிபலிப்புக் கண்ணாடி மங்கியிருந்தால் துணியால் துடைக்க வேண்டாம். அதன் வெள்ளி முலாம் முன்பக்கத்தில் இருக்கிறது; துடைத்தால் கையோடு வந்துவிடும். ஊதுபந்தால் தூசியைத் தட்டுங்கள், போதாது என்றால் புதிய கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

பிப்ரவரி 9

நுரைப்பஞ்சு பற்றி ஜனவரி 6ஆம் தேதி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனது போதாது. பிரோனிக்கா எஸ்2 போன்ற பழைய உடல்களில் ஃபோகஸ் திரையைப் பஞ்சுப்பட்டை ஒன்று அதன் இடத்தில் அழுத்தி வைத்திருக்கும். அது உதிர்ந்தால் திரை தன் இடத்தைவிட்டு நகர்கிறது. ஒளிக்கசிவு இல்லை, ஷட்டரில் குறை இல்லை, லென்ஸும் பளிச்சென்று இருக்கும், ஆனால் படங்கள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தெளிவில்லாமல் வரும். பலர் இதை லென்ஸின் குறை என்று எண்ணிக் கேமராவையே விற்றுவிடுகிறார்கள். பஞ்சை மாற்றினால் தீர்ந்தது.

பழைய பஞ்சை நீக்க ஐசோபிரப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, சிறிது ஊறவிட்டு, மரக்குச்சியால் சுரண்டுங்கள். துணுக்குகள் கண்ணாடியிலும் ஷட்டர் திரையிலும் விழாமல் தாளால் மறைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹாலை ஊற்றக்கூடாது.

பிப்ரவரி 10

ஃபிலிமைத் தாங்கும் பின்பகுதியான ஃபிலிம் பேக்கைத் தனியே கழற்றக்கூடிய கேமராக்களில் கோளாறுகளின் பெரும்பங்கு பேக்கில்தான். ஹாஸல்பிளாட் பேக்கில் வெளிக்கூடும் உட்செருகும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து அனுப்பப்பட்டவை. உட்செருகில் உள்ள மூன்று இலக்கங்கள் வெளிக்கூட்டு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத பேக்கும் ஒழுங்காக ஓடுவதுண்டு. இருந்தாலும் முதல் ரோலைக் கழுவியதும் சட்டகங்களுக்கு இடையிலான வெற்றிடத்தைப் பாருங்கள். ஒரே சீராக இருந்தால் நிம்மதி. ஓரிடத்தில் விரிந்து ஓரிடத்தில் நெருங்கினால் சுற்றும் பொறி தேய்ந்திருக்கிறது. ஒளிக்கோடு ஒன்று ஒரே பக்க விளிம்பிலிருந்து திரும்பத் திரும்ப உள்ளே நுழைந்தால், டார்க் ஸ்லைடு (பேக்கைக் கழற்றும்போது ஃபிலிமை மறைக்கும் தகடு) செருகும் பிளவிலுள்ள மெல்லிய தடுப்பு தேய்ந்துவிட்டது. அதை மாற்றுவது எளிய வேலை.

பேக்கைப் பற்றிப் பேசும்போதே ரோலைஃப்ளெக்ஸையும் சொல்லிவிடுகிறேன். 1937இல் வந்த ஆட்டோமேட் மாதிரியிலிருந்து, ஃபிலிமுக்குப் பின்னால் உள்ள காப்புத் தாள் மட்டும் வரும்போதைவிட ஃபிலிமும் சேரும்போது தடிமன் கூடுவதை இரண்டு உருளைகள் உணர்ந்து எண்காட்டியைத் தொடங்கும். தாளின் முனையை அந்த உருளைகளுக்கு இடையே விடாமல் மேலாக இழுத்துவிட்டால், எண்காட்டி அசையாமல் ரோல் முழுவதும் சுற்றிப் போய்விடும். "எண்காட்டி கெட்டுவிட்டது" என்று மலிவாக விற்கப்படும் சில ரோலைஃப்ளெக்ஸ்களில் எந்தக் கோளாறும் இருக்காது.

பிப்ரவரி 22

ஹாஸல்பிளாட் 500 வகையில் லென்ஸ் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: இழுக்காதீர்கள். உடலும் லென்ஸும் இரண்டும் சாவி கொடுத்த (வில்லை ஏற்றி அடுத்த படத்துக்குத் தயாரான) நிலையில் இருந்தால்தான் அவை பிரியும், சேரும். ஒன்று இறங்கி ஒன்று ஏறியிருந்தால் பூட்டிக்கொள்ளும். பேக்கைக் கழற்றி, பின்னால் உள்ள கதவுகளின் வழியே நீண்ட திருப்புளியால் லென்ஸின் அச்சைத் திருப்பிச் சாவி கொடுக்கும் வழி உண்டு. ஆனால் வழுக்கினால் லென்ஸின் பின்கண்ணாடியில் கீறல் விழும். முன்பு செய்து பழகாதவர் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

பென்டாக்ஸ் 67இல் ஒளியளவி உள்ள பிரிசம் (மேலே பொருத்தும் காட்சிக் கண்ணாடி) வைத்திருப்போர் பொருத்தும்போது வரிசையை மாற்றக்கூடாது: முதலில் பிரிசம், பிறகு லென்ஸ். அப்பர்ச்சர் தகவலைப் பிரிசத்துக்குக் கொண்டுபோகும் மெல்லிய சங்கிலி வயதாகி நொய்ந்துபோனது. அறுந்தால் ஒளியளவி போயிற்று.

மார்ச் 4

வைத்துப் பேணுவது பற்றி இரண்டு தரப்பாகப் பிரிந்துவிட்டீர்கள். ஷட்டரைச் சாவி கொடுத்து வைத்தால் சுருள்வில் தளரும் என்கிறது ஒரு தரப்பு. சாதாரண லீஃப் ஷட்டருக்கு நான் சாவி கொடுக்காமலே வைக்கிறேன். ஆனால் ஹாஸல்பிளாட் லென்ஸைக் கழற்றி வைப்பதே சாவி கொடுத்த நிலையில்தான் முடியும் என்பதால், அந்த வில் அதைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

ஈரம்தான் உண்மையான பகை. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டி நீண்ட நாள் நின்றால் பூஞ்சை துளிர்க்கத் தொடங்கும். 40 முதல் 50 விழுக்காட்டில் வைக்கும் உலர்பெட்டி சிறந்தது. இல்லையென்றால் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஒரு ஈரமானியும் போதும். அதைவிடவும் உலர்த்த வேண்டாம், தோலும் பெல்லோஸும் விறைத்துவிடும். தோல் உறையைத் தனியே வையுங்கள். மாதம் ஒருமுறையாவது எடுத்து, ஒரு நொடியில் தொடங்கி எல்லா வேகங்களிலும் சில முறை ஓட்டுங்கள். காம்பூர் என்ற வகை லீஃப் ஷட்டர்களில் 'வி' என்று குறித்த தானியங்கிக் காலதாமதத்தை மட்டும் தொடாதீர்கள். பழைய ஷட்டர்கள் அந்த நிலையில் சிக்கிக்கொள்வது வழக்கம்.

மார்ச் 5

ஃபிலிமைப் பேக்கிலேயே வாரக்கணக்கில் விட்டுவைப்போருக்கு ஒரு குறிப்பு. உருளையில் வளைந்து நின்ற இடத்தில் ஃபிலிமுக்கு மடிப்பு நினைவு ஏறிவிடும். அடுத்த சட்டகத்துக்கு நகர்த்தும்போது அந்த மேடு படத்துக்குள் வந்து, விரிந்த அப்பர்ச்சரில் அந்த இடம் மட்டும் தெளிவு குறையும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு எடுக்கும் முதல் படத்துக்கு அப்பர்ச்சரைக் குறுக்கி எஃப் 8 அல்லது 11 வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 17

யாஷிகா மேட் 124ஜி வாங்கியவர், ஃபிலிம் சுற்றும்போது கைப்பிடி கனக்கிறது என்று எழுதியிருக்கிறார். பின்கதவைத் திறந்து அழுத்துத் தகட்டைப் பாருங்கள். அது 120, 220 இரண்டு வகைக்கும் நகர்த்தி வைக்கக்கூடியது. 220 ரோலில் ஃபிலிமுக்குப் பின்னால் தாள் கிடையாது, அதனால் தகடு நெருங்கி நிற்கும். அந்த நிலையில் 120 போட்டால் தாளும் ஃபிலிமும் சேர்ந்து நெரிபடும். தகட்டை அழுத்தி, 12 படங்களுக்கான இடத்துக்கு நகர்த்திவிட்டு, வீணான ரோல் ஒன்றைச் சுற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கனத்தால் சுற்றும் பற்சக்கரங்களில்தான் குறை. வலிந்து சுற்றாமல் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.